தெருமுனைப் பழைய ஹோட்டலை என்ன செய்வது? மெல்பர்ன் அனுபவத்தில் நான்கு வழிகள்

மெல்பர்னின் உள்நகரப் பகுதிகளான கார்ல்டன், ஃபிட்ஸ்ராய், காலிங்வுட், ரிச்மண்ட் பக்கம் நடந்து போனால், சில தெருக்களுக்கு ஒருமுறை முனையில் ஒரு பழைய ஹோட்டல் வந்துவிடும். பெரும்பாலும் இரண்டு தளம், பூச்சுப் பூசிய செங்கல் சுவர், உச்சிச் சுவரில் பெயர், சில சமயம் கட்டிய ஆண்டும். கட்டடத்தின் மூலையைச் சாய்வாக வெட்டி, இரண்டு தெருக்களையும் பார்க்கும்படி வாசல் வைத்திருப்பார்கள். ஹோட்டல் என்று பெயர் இருந்தாலும் இவை பப்கள்தான். 19ஆம் நூற்றாண்டில் மது விற்க உரிமம் கேட்பவர், வெளியூர்க்காரர் தங்க அறையும் சாப்பிட உணவும் தர வேண்டும் என்று சட்டம் எதிர்பார்த்தது. அதனால் கீழே மதுக்கூடம், மேலே வரிசையாகச் சின்ன அறைகள்.

இந்த முனை மனைகளின் விலை இன்று எங்கோ போய்விட்டது. இரண்டு தளக் கட்டடம் நிற்கும் இடத்தில் இருபது மாடி எழுப்பலாம் என்றால் அதை வாங்குகிறவர் என்ன கணக்குப் போடுவார் என்பது தெரிந்ததே. ஒரு நாள் சுவரில் திட்ட அனுமதி அறிவிப்பு ஒட்டப்படும். ஆட்சேபம் இருந்தால் எழுதுங்கள் என்று கவுன்சில் கேட்கும். அந்த நேரத்தில் அக்கம்பக்கத்தார் "இடிக்காதே" என்று மட்டும் எழுதுகிறார்கள். அது போதவே போதாது. எதை வேண்டாம் என்கிறோம் என்பதைப் போலவே எதைக் கேட்கிறோம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். கேட்கக் கூடிய வழிகள் நான்கு: முகப்பை மட்டும் வைத்துப் பின்னால் புதிதாகக் கட்டுவது, கட்டடத்தை முழுதாக வைத்து வேறு உபயோகத்துக்குக் கொடுப்பது, பப்பாகவே தொடர்வது, இடித்தாகிவிட்டது என்றால் பழையபடியே திரும்பக் கட்டச் சொல்வது.

எனக்கு இதில் தெளிவான சார்பு உண்டு. பப்பாகத் தொடர்வதே முதல் தேர்வு. அது முடியாதபோது முழுக் கட்டடத்தோடு வேறு உபயோகம். முகப்பை மட்டும் காப்பாற்றுவதை நான் சமரசமாகக்கூட ஏற்க மாட்டேன். ஏன் என்று சொல்ல, இந்தக் கட்டடங்களில் மதிப்புள்ளது எது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மதிப்பு எங்கே இருக்கிறது

ஆஸ்திரேலியாவில் மரபுக் கட்டடங்களைப் பற்றிய பேச்சு எல்லாமே பர்ரா சாசனத்தைத் தொட்டுத்தான் போகும். தெற்கு ஆஸ்திரேலியாவில் பர்ரா என்ற பழைய செம்புச் சுரங்க ஊரில் 1979இல் ஏற்கப்பட்ட ஆவணம் அது. 2013இல் கடைசியாகத் திருத்தப்பட்டது. ஓர் இடத்தின் மதிப்பை அது அழகு, வரலாறு, அறிவியல், சமூகம், ஆன்மிகம் என்று பல பக்கங்களிலிருந்து பார்க்கச் சொல்கிறது. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் கட்டடத்தை மதிப்பிடும் அளவுகோல்களும் இதே வழியில்தான் போகின்றன: வரலாற்றில் என்ன பங்கு, அரிதானதா, தன் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டா, ஒரு சமூகம் இன்றும் அதை நேசிக்கிறதா என்று.

தெருமுனை ஹோட்டலை அழகை மட்டும் வைத்து எடைபோட்டால் அது பெரும்பாலும் தோற்றுப்போகும். மாளிகையும் இல்லை, தேவாலயமும் இல்லை. பெரிய கட்டடக் கலைஞர் பெயரும் அநேகமாக இருக்காது. அதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது, பெரும்பாலும் கட்டடத்துக்கு உள்ளே.

ஒரு எடுத்துக்காட்டு. விக்டோரியாவில் 1916 முதல் 1966 வரை பப்கள் மாலை 6 மணிக்கு மூட வேண்டும். முதல் உலகப் போர்க் காலத்தில் வந்த கட்டுப்பாடு அது. ஐம்பது ஆண்டு நீடித்தது. வேலை முடிந்து ஐந்து மணிக்கு வரும் தொழிலாளி ஒரு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். கூட்டம் நெரிந்தது. நாற்காலி மேசைகளை எடுத்துவிட்டு நின்றே குடிக்கிற இடமாக்கினார்கள், கவுண்டரை நீளமாக்கினார்கள், எளிதில் கழுவிவிட வசதியாகச் சுவரில் ஓடு பதித்தார்கள். இன்று பழைய பப்பில் இடுப்பளவு உயரத்துக்குப் பளபளக்கும் ஓடுகளைப் பார்க்கிறோமே, அதில் ஒரு சட்டத்தின் கதையும் இருக்கிறது. தெருவில் நின்று முகப்பைப் பார்க்கிறவருக்கு இது தெரியாது.

இன்னொன்று பக்கவாட்டு வாசல். முனையில் இருக்கும் பிரதான வாசல் ஆண்களின் பொது மதுக்கூடத்துக்கு. பெண்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் சின்ன வாசல் வழியாக லேடீஸ் லவுஞ்ச் என்ற தனி அறைக்குப் போக வேண்டும். அங்கே பானத்தின் விலையும் பொதுவாக அதிகம். 1965 மார்ச்சில் பிரிஸ்பனின் ரெகாட்டா ஹோட்டலில் மெர்ல் தார்ன்டன், ரோசலி போக்னர் என்ற இரண்டு பெண்கள் மதுக்கூடத்தில் சங்கிலியால் தங்களைப் பிணைத்துக்கொண்டு போராடியது இந்தப் பிரிவினைக்கு எதிராகத்தான். இரண்டு வாசல், இரண்டு அறை, நடுவில் ஒரு சுவர் என்று அந்த அநீதி கட்டடத்தின் அமைப்பிலேயே பதிந்திருக்கிறது. அந்தச் சுவரை இடித்து ஒரே கூடமாக்கிவிட்டால் அடுத்த தலைமுறைக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

பழங்குடி மக்களைப் பல பப்கள் உள்ளேயே விடவில்லை. ஃபிட்ஸ்ராயில் கெர்ட்ரூட் தெருவும் கோர் தெருவும் சந்திக்கும் முனையில் உள்ள பில்டர்ஸ் ஆர்ம்ஸ் ஹோட்டல் அவர்களை ஏற்றுக்கொண்டது. அவர்கள் கூடும் இடமாக ஆனது. அதே கெர்ட்ரூட் தெருவில்தான் 1973இல் பழங்குடி மக்களின் சொந்த மருத்துவச் சேவை தொடங்கியது. ஒரு சமூகத்தின் அரசியலும் சுகதுக்கமும் அந்தத் தெருவில் உருவானபோது அந்த முனை ஹோட்டலும் அதில் ஒரு பங்கு வகித்தது.

நம்மவர்களில் பலர் குடிப்பதில்லை. பப் பக்கம் போகாத குடும்பங்களும் நிறைய. "மதுக்கடையைக் காப்பாற்ற நாம் ஏன் எழுத வேண்டும்" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: யார் உள்ளே, யார் வெளியே என்பதை இந்த நகரம் நூறு ஆண்டுகளுக்கு மேல் தீர்மானித்த இடங்களில் இதுவும் ஒன்று. வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு அந்த வரலாறு மற்றவர்களைவிட அதிகமாகவே தேவைப்படும்.

முகப்பு மட்டும்

கட்டுமான நிறுவனங்களுக்குப் பிடித்த வழி இது. இரண்டு வெளிச்சுவர்களையும் இரும்புத் தாங்கிகளால் பிடித்து நிறுத்திவிட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் அள்ளி எறிந்து, பின்னால் கோபுரம் எழுப்புவார்கள். குயின் தெருவும் லா ட்ரோப் தெருவும் சந்திக்கும் முனையில், செல்டிக் கிளப் நெடுங்காலம் இயங்கிய பழைய ஹோட்டலுக்கு நடந்தது இதுதான். முகப்பு நிற்கிறது, பின்னால் கோபுரம்.

"கொஞ்சமாவது மிஞ்சியதே" என்று ஆறுதல் சொல்வார்கள். மேலே சொன்ன பட்டியலை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஓடு பதித்த சுவர், நீள கவுண்டர், பெண்களின் அறை, மாடிப்படி, பீப்பாய் இறக்கிய நிலவறை, மேல்தள அறைகள் எல்லாம் போய்விட்டன. முனை வாசல் பல சமயம் அடைபட்டு, பக்கத்தில் லிஃப்ட் கூடம் திறக்கும். மிஞ்சியது அழகு என்ற ஒன்று மட்டும். இந்த வகைக் கட்டடத்தில் அதுதான் ஆகக் குறைந்த மதிப்புள்ளது.

இதில் வாசகர் கவனிக்க வேண்டிய நடைமுறை விஷயம் ஒன்று உண்டு. உள்ளூர் அளவில் கட்டடங்களைக் காக்கும் ஏற்பாடு ஹெரிட்டேஜ் ஓவர்லே. அது இருந்தால் இடிக்கவும் வெளித்தோற்றத்தை மாற்றவும் அனுமதி வாங்க வேண்டும். உட்புறத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றால் அந்தக் கட்டடத்தின் பெயருக்கு எதிரே அட்டவணையில் அதைத் தனியாகக் குறித்திருக்க வேண்டும். பெரும்பாலான தெருமுனை ஹோட்டல்களுக்கு அப்படிக் குறிப்பு கிடையாது. "ஹெரிட்டேஜ் கட்டடம்தானே, ஒன்றும் செய்ய முடியாது" என்று நாம் நிம்மதியாக இருக்கும்போதே உள்ளே எல்லாவற்றையும் காலி செய்ய முடியும்.

மெல்பர்ன் மாநகரக் கவுன்சிலின் கொள்கையே முகப்பு மட்டும் வைக்கும் பழக்கத்தை ஊக்குவிப்பதில்லை. கட்டடத்தின் முப்பரிமாண வடிவம் தெரிய வேண்டும், குடியிருப்பு அல்லாத கட்டடங்களில் முன்பகுதி ஏறத்தாழ 8 முதல் 10 மீட்டர் ஆழத்துக்காவது கூரையோடு நிற்க வேண்டும் என்ற அணுகுமுறை அது. ஆட்சேபக் கடிதத்தில் இந்த ஆழத்தைக் குறிப்பிட்டுக் கேட்பது பலன் தரும். ஒரு சின்ன ஹோட்டலுக்கு 10 மீட்டர் என்றால் பொது மதுக்கூடம் கிட்டத்தட்ட முழுதாகவே அதற்குள் வந்துவிடும்.

பின்னால் கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. செயின்ட் கில்டாவில் 1878இல் திறந்த எஸ்பிளனேட் ஹோட்டலின் பின்புறம் மிக உயரமான கோபுரம் கட்டத் திட்டமிட்டபோது மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். கடைசியில் உயரம் வெகுவாகக் குறைக்கப்பட்ட அடுக்குமாடிதான் பின்னால் எழுந்தது. ஹோட்டல் தன் முழு உடம்போடு முன்னால் நிற்கிறது. இடையில் சில ஆண்டுகள் மூடிக் கிடந்து 2018இல் மறுபடி திறந்தது. மனையின் பின்பகுதியில் தொழுவமோ முற்றமோ இருந்த இடத்தில் கட்டுவது வேறு, மதுக்கூடத்தைக் குடைந்து கட்டுவது வேறு.

வேறு உபயோகம்

இது புதிய யோசனை அல்ல. விக்டோரியாவில் 1907 முதல் உரிமக் குறைப்பு வாரியம் ஒன்று இயங்கி, நூற்றுக்கணக்கான ஹோட்டல்களின் உரிமத்தை எடுத்துவிட்டது. கார்ல்டனிலும் ஃபிட்ஸ்ராயிலும் இன்று மளிகைக் கடையாக, அலுவலகமாக, வீடாக இருக்கும் பல முனைக் கட்டடங்கள் அப்படி உரிமம் இழந்தவைதான். சாய்வு வாசலைப் பார்த்தாலே பழைய பிழைப்பு தெரிந்துவிடும். நூறு ஆண்டுக்கு மேலாகியும் அவை நிற்கின்றன என்பதே இந்த வழிக்கு நல்ல சான்று.

குறை என்னவென்றால், வீடாக மாறியதும் முனை வாசலில் அந்நியர் யாரும் நுழைய முடியாது. கீழ்த்தளத்தில் கஃபே, புத்தகக் கடை, மருத்துவகம், நூலகக் கிளை என்று யாரும் உள்ளே போகக் கூடிய ஏதாவது ஒன்று இருந்தால் பாதி மதிப்பு காப்பாற்றப்படும். மேல்தளத்தில் என்ன வந்தாலும் எனக்குக் கவலையில்லை. அங்கே அந்தக் காலத்திலேயே ஆட்கள் தங்கத்தானே செய்தார்கள்.

பப்பாகவே தொடர்வது

பர்ரா சாசனத்தின் 7ஆம் பிரிவு, ஓர் இடத்தின் உபயோகமே மதிப்புள்ளது என்றால் அந்த உபயோகம் தொடர வேண்டும் என்கிறது. தெருமுனை ஹோட்டலுக்கு இதைவிடப் பொருத்தமான வரி இல்லை. ஆனால் கட்டடத்தைக் காக்கும் சட்டத்தால் வியாபாரத்தை நடத்த வைக்க முடியாது. பட்டியலில் சேர்த்துவிட்டோம் என்று கை கழுவினால், கதவு பூட்டிய பப்தான் மிஞ்சும்.

எது காப்பாற்றும் என்பதற்கு மெல்பர்னில் இரண்டு ஹோட்டல்கள் சாட்சி. ஒன்று லைகன் தெருவில் ட்ரேட்ஸ் ஹால் என்ற தொழிற்சங்கத் தலைமையகத்துக்கு எதிரே உள்ள ஜான் கர்ட்டின் ஹோட்டல். போர்க்காலப் பிரதமர் கர்ட்டினின் பெயர் கொண்டது. பின்னாளில் பிரதமரான பாப் ஹாக், தொழிற்சங்கத் தலைவராக இருந்த காலத்தில் இங்கே வாடிக்கையாளர். 2022இல் இது விற்பனைக்கு வந்தபோது, இங்கே இடிப்பு வேலைக்கு எங்கள் ஆட்கள் வரமாட்டார்கள் என்று தொழிற்சங்கங்கள் அறிவித்தன. 1970களில் சிட்னியிலும் மெல்பர்னிலும் பல பழைய இடங்களைக் காத்த பச்சைத் தடை என்ற அதே ஆயுதம்தான். தொழிலாளர் இயக்கத்தோடும் இசையோடும் உள்ள உறவு அந்த ஹோட்டலுக்காக முன்வைத்த வாதங்களில் முக்கியமானது. கட்டடத்தின் அழகை வைத்து மட்டும் வாதாடியிருந்தால் இவ்வளவு பேர் திரண்டிருக்க மாட்டார்கள்.

மற்றொன்று காலிங்வுட்டில் ஜான்ஸ்டன் தெரு முனையில் உள்ள டோட் ஹோட்டல். 2010 ஜனவரியில் அது மூடப்பட்டது. காரணம் இடிப்பு அல்ல. நேரடி இசை நடக்கும் பப்களுக்கு விதிக்கப்பட்ட காவலாளிச் செலவு உள்ளிட்ட உரிம நிபந்தனைகள். அடுத்த மாதம் ஆயிரக்கணக்கானோர் நகர மையத்தில் ஊர்வலம் போனார்கள். டோட் அதே ஆண்டு மறுபடி திறந்தது. 2014இல் மாநிலத் திட்ட விதிகளிலும் ஒரு முக்கியமான மாற்றம் வந்தது: இசை நடக்கும் பப்புக்குப் பக்கத்தில் புதிதாகக் குடியிருப்பு கட்டுகிறவர்தான் ஒலித்தடுப்புச் செலவை ஏற்க வேண்டும். அதற்கு முன், புதிதாகக் குடிவந்தவர் சத்தம் என்று புகார் செய்து நாற்பது ஆண்டுப் பழைய பப்பை முடக்கிவிட முடிந்தது. 2023இல் டோட் விற்பனைக்கு வந்தபோது, அதை வாங்கி ஓர் அறக்கட்டளையின் கீழ் வைப்பதாகச் சொன்னவர்களுக்குப் பொதுமக்கள் 30 லட்சம் டாலர் அளவுக்குக் கொடுத்தார்கள்.

உரிமச் செலவு, ஒலி விதி, கட்டடத்தின் உடைமை ஆகிய இந்த மூன்றும் மரபுப் பட்டியலுக்கு வெளியே இருப்பவை. பப்பாகத் தொடர வேண்டும் என்று கேட்பவர் இந்த மூன்றைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

இந்த வழியில் எனக்கு ஒரு மனவருத்தமும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் விக்டோரியா பப்களுக்குச் சூதாட்ட எந்திரங்கள் வந்தன. பல பழைய ஹோட்டல்கள் அந்த வருமானத்தில்தான் உயிரோடு இருக்கின்றன. ஜன்னலை மூடி, இருட்டறையில் எந்திரங்களை வரிசையாக வைத்து, அக்கம்பக்கத்து ஏழைக் குடும்பங்களின் சம்பளத்தை உறிஞ்சி நிற்கும் கட்டடத்தை மரபு என்று என்னால் கொண்டாட முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் பப் உபயோகத்தைவிட நூலகமோ கஃபேயோ நூறு மடங்கு மேல்.

இடித்த பிறகு

கார்ல்டனில் லெஸ்டர் தெருவும் பெலம் தெருவும் சந்திக்கும் முனையில், பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் பக்கத்தில், கார்க்மன் என்ற பப் இருந்தது. பழைய பெயர் கார்ல்டன் இன், 1850களில் கட்டியது. 2016 அக்டோபரில் ஒரு வார இறுதியில், எந்த அனுமதியும் இல்லாமல், உரிமையாளர்கள் அதை இடித்துத் தள்ளினார்கள். ஹெரிட்டேஜ் ஓவர்லே இருந்தும் அதனால் இடிப்பைத் தடுக்க முடியவில்லை. திங்கட்கிழமை அங்கே ஆஸ்பெஸ்டாஸ் கலந்த இடிபாடுதான் கிடந்தது.

ஊரே கொதித்தது. அபராதம் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. திரும்பக் கட்ட வேண்டும் என்ற கோரிக்கை எழுந்து, வழக்கு நடந்து, 2019இல் ஓர் உடன்பாட்டில் முடிந்தது. அதன்படி புதிய கட்டடத்துக்கு வழி திறந்திருந்தது; குறித்த காலத்துக்குள் அதைத் தொடங்காவிட்டால்தான் பழையதைத் திரும்பக் கட்ட வேண்டும். பலருக்கு இது தோல்வியாகவே பட்டது, எனக்கும் அப்படித்தான். நல்ல விளைவு என்றால் சட்டத்தில் வந்தது: மரபுக் கட்டடத்தைச் சட்டவிரோதமாக இடித்தவரின் மனையில் பத்து ஆண்டுகள் வரை கட்டுமானத்தைத் தடுக்கும் அதிகாரத்தை விக்டோரியா கொண்டுவந்தது. அபராதத்தை லாபக் கணக்கில் செலவாக எழுதிக்கொள்ள முடியும். பத்து ஆண்டு சும்மா கிடக்கும் மனையை அப்படி எழுத முடியாது.

லண்டனில் ஏறக்குறைய இதே கதை வேறு மாதிரி முடிந்தது. மேய்டா வேல் பகுதியில் 1920களின் தொடக்கத்தில் கட்டிய கார்ல்டன் டாவர்ன் என்ற பப்பை, 2015 ஏப்ரலில் அனுமதியில்லாமல் இடித்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் செங்கல் செங்கல்லாகத் திரும்பக் கட்ட உத்தரவிட்டது. மேல்முறையீட்டிலும் உத்தரவு நின்றது. 2021 ஏப்ரலில் பப் மறுபடி திறந்தது.

அங்கே முடிந்ததற்கு முக்கியக் காரணம் ஆவணம். அதைத் தேசியப் பட்டியலில் சேர்க்கும் யோசனை இருந்ததால், இடிப்புக்குக் கொஞ்சம் முன்புதான் அதிகாரிகள் உள்ளும் புறமும் படமெடுத்துப் பதிவு செய்திருந்தார்கள். பர்ரா சாசனமும், முந்தைய நிலையைத் தெளிவாகக் காட்டும் சான்று இருந்தால்தான் மீண்டும் கட்டுவது பொருந்தும் என்கிறது. சான்றில்லாமல் கட்டினால் அது கற்பனை.

திரும்பக் கட்டிய பப் பழைய பப்தானா? சுவரும் ஓடும் புதிது. அவற்றில் பட்ட கைகள் வேறு. அந்த இழப்பு இழப்புதான். ஆனாலும் சட்டவிரோத இடிப்புக்கு இதைவிடச் சரியான தண்டனை எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் இடித்ததால் கிடைக்க வேண்டிய லாபத்தை அது முழுதாகப் பறிக்கிறது. அனுமதியோடு இடிக்கும் திட்டத்தில் மட்டும் "பழைய பாணியிலேயே புதிதாகக் கட்டித் தருகிறோம்" என்ற வாக்குறுதியை ஏற்காதீர்கள்.

கடிதம் எழுதும்போது

அறிவிப்பு ஒட்டிய பிறகு அவகாசம் குறைவு. கவுன்சிலின் முக்கியத்துவ அறிக்கையை முதலில் படியுங்கள். இந்த இடம் என்ன, எப்படி முக்கியம், ஏன் முக்கியம் என்ற மூன்று கேள்விகளுக்கு அதில் பதில் இருக்கும். பழைய அறிக்கைகளில் பெரும்பாலும் முகப்பின் பூச்சு வேலை மட்டும் வர்ணிக்கப்பட்டிருக்கும். அங்கே கூடிய மக்கள், சங்கங்கள், இசை, தனி வாசல்கள் எதுவும் இல்லையென்றால் அதைச் சுட்டிக்காட்டி, சமூக மதிப்பும் உட்புறப் பாதுகாப்பும் சேர்க்கப்பட வேண்டும் என்று கேளுங்கள். முனை வாசல் பொது வாசலாகவே இருக்க வேண்டும், கீழ்த்தளம் மக்கள் நுழையும் இடமாக இருக்க வேண்டும், முன்பகுதி கூரையோடு நிற்க வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். பப்பாகத் தொடர முடியாது என்று உரிமையாளர் நிரூபித்தாலும் இந்த மூன்றும் பொருந்தும்.

அறிவிப்பு வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. மாநில மரபுப் பதிவேட்டுக்கு ஓர் இடத்தை யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். பப் திறந்திருக்கும்போதே உள்ளே போய், நடத்துபவரிடம் கேட்டுவிட்டு, கவுண்டர், ஓடுகள், மாடிப்படி, பக்கவாட்டு வாசல், நிலவறைக் கதவு எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து, ஒரு பிரதியை உள்ளூர் வரலாற்றுச் சங்கத்திடம் கொடுத்து வையுங்கள்.